லிஸ்பனிலிருந்து ஒரு நாள்: எவோராவுக்குக் கைடோடு போகலாமா, தனியாகப் போகலாமா?

கேள்வி இதுதான்: போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் ஐந்து நாள் தங்குகிறீர்கள். அதில் ஒரு நாளை எவோரா என்ற பழைய ஊருக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். கூட வருவது 65 வயது தாண்டிய அப்பாவும் அம்மாவும். அம்மாவுக்கு மூட்டுவலி. இருவரும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்கள். ரயிலேறி நாமே சுற்றிவிட்டு வந்தால் போதாதா, கைடோடு போகும் ஒரு நாள் சுற்றுலா தேவையா, அக்கம்பக்கத்தில் எதைச் சேர்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒன்பது வருடமாக லிஸ்பனில் இருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நான் முதலில் கூட்டிப்போவது எவோராவுக்குத்தான். இதுவரை எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. ரயிலில் போயிருக்கிறேன், காரில் போயிருக்கிறேன், பெரிய பேருந்துச் சுற்றுலாவிலும் ஒருமுறை போய் நொந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கைடு எடுங்கள். ஆனால் ஏழெட்டுப் பேருக்கு மேல் ஏறாத சின்ன வேனாகப் பார்த்து எடுங்கள்.

ஏன் என்றால், எவோராவில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். அங்கே பழைய பொருள் எதுவும் கட்டியபோது இருந்த வேலையிலேயே நின்றுவிடவில்லை. ரோமானியர் கோயில் கசாப்புக் கூடமாகி, பிறகு மறுபடி கோயிலானது. தண்ணீர் கொண்டுவந்த வளைவுகளுக்கு அடியில் குடும்பங்கள் குடியேறின. இறந்தவர்களின் எலும்பு தேவாலயச் சுவரானது. காய்ந்த ரொட்டி அந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற சாப்பாடானது. எதையும் தூக்கிப் போடாத ஊர். எது எதுவாக மாறியது என்று பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னால்தான் அந்தக் கல்லெல்லாம் பேசும். இல்லாவிட்டால் அழகான வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நடந்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். என் முதல் பயணம் அப்படித்தான் முடிந்தது.

ரயிலில் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிஸ்பனிலிருந்து எவோரா சுமார் 130 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். தேஜு ஆற்றின் மேலே அந்த உயரமான சிவப்புப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் உண்டு. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதைவிட முக்கியமான சிக்கல், ஊருக்கு வெளியே இருக்கும் கல்வட்டத்துக்குப் பேருந்து கிடையாது. அதைப் பார்க்காமல் எவோராவைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு எனக்கு மனசு வராது.

அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்களும் அன்றைய பயணத்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு லிஸ்பனை விட்டுக் கிளம்பினால் பத்துக்கு முன்னால் அல்மென்ட்ரெஸ் கல்வட்டத்தில் இருக்கலாம். எவோராவுக்கு மேற்கே 15 கிலோமீட்டர் அளவில், குவாதலூப்பே என்ற சின்ன ஊரைத் தாண்டிச் செம்மண் பாதையில் வண்டி போகும். சரிவான ஒரு மேட்டில் கிட்டத்தட்ட 95 கற்கள் நிற்கின்றன. சில என் இடுப்பளவு, சில ஆளை விட உயரம், எல்லாமே உருண்டு திரண்ட கருங்கல். ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னால் இவற்றை நிறுத்தத் தொடங்கினார்கள். பிறகு வந்த தலைமுறைகள் கற்களைச் சேர்த்தும் இடம் மாற்றியும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் உலகமே போய்ப் பார்க்கும் ஸ்டோன்ஹெஞ்ச் இதற்கு இரண்டாயிரம் வருடம் இளையது. இவ்வளவு இருந்தும் 1964 வரைக்கும் வெளியுலகத்துக்கு இது தெரியாது. ஹென்றிக்கே லியோனோர் பினா என்ற ஆய்வாளர் அந்த வருடம்தான் இதை அடையாளம் கண்டார். அதுவரை புதருக்குள் கிடந்தது.

நுழைவுச் சீட்டு இல்லை, வேலி இல்லை. கல்லின் அருகிலேயே போய் நிற்கலாம். ஆனால் கைடு இல்லாமல் போனால் ஒன்று தவறிவிடும். சில கற்களில் வட்டங்களும், ஆட்டிடையன் கையில் இருக்குமே அந்த வளைந்த கோல் மாதிரியான உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். காலம் தேய்த்து, பாசி மூடி, நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்னோடு வந்த கைடு ஓர் அம்மாள், அறுபது வயது இருக்கும். என்னைக் கல்லின் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். காலை வெயில் கல்லின் மேல் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் அந்தக் கோட்டின் பள்ளத்தில் நிழல் தங்கி, வட்டம் மெல்ல எழுந்து வந்தது. உச்சிவெயிலில் வந்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். காலையிலேயே அங்கே போகச் சொல்வதற்கு அதுதான் காரணம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன் அந்த மேட்டில் பறவைச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது என்பதும் ஒரு காரணம்தான்.

அங்கே போகும் வழியெல்லாம் தக்கை மரங்கள் நிற்கும். பாட்டிலுக்குத் தக்கை செய்கிறார்களே, அந்த ஓக் மரம். உலகத்தின் தக்கையில் பாதி அளவு போர்ச்சுகலில்தான் விளைகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல் கிளைகளில் சாம்பல் நிறத்தில் வெடித்த தடிப்பட்டை இருக்கும். அடிமரத்தில் பட்டை உரித்திருந்தால் அந்த இடம் வழவழவென்று செங்காவி நிறத்தில், வயதாக ஆகக் கருத்துப்போய் நிற்கும். அதில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். 3 என்றால் 2023-இல் உரித்தது. ஒன்பது வருடம் கழித்துத்தான் மறுபடி கை வைக்கலாம். நட்ட மரத்தில் முதல் பட்டை எடுக்கவே 25 வருடம் ஆகும். அதுவும், அதற்கு ஒன்பது வருடம் கழித்து வரும் இரண்டாவது பட்டையும் தக்கைக்கு உதவாது, பலகைக்கும் மற்றதுக்கும்தான் போகும். மூன்றாவதிலிருந்துதான் நல்ல தக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள், நட்டவனின் பிள்ளைக்கோ பேரனுக்கோதான் பலன். கோடையில் மட்டும் உரிப்பார்கள், மரத்தை வெட்டாமல் கோடாலியால் பட்டையை மட்டும் பெயர்த்தெடுப்பது பல வருடம் பழகியவர்கள் செய்யும் வேலை. என் அப்பா விவசாயக் குடும்பம். கோயில், தேவாலயம் எல்லாவற்றையும் சீக்கிரம் பார்த்து முடித்தவர் இந்த மரத்தடியில் மட்டும் அரை மணி நேரம் நின்று கேள்வி கேட்டார். உங்கள் அப்பாவுக்கும் அந்த மாதிரி ஆர்வம் இருந்தால் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பக்கத்திலேயே சாம்புஜெய்ரோ என்ற பெரிய கல்திட்டை இருக்கிறது. ஆறு மீட்டர் உயரக் கற்களால் ஆன அறை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆனால் மேலே தகரக்கூரை போட்டு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், உள்ளே போக முடியாது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிடலாம்.

பதினொன்றரை வாக்கில் எவோராவுக்குள் நுழைந்துவிடுவீர்கள். மதில் சுவர் சுற்றிய ஊர். 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நடுவில் பிராசா தோ ஜிரால்து என்ற சதுக்கம். 1165 வாக்கில் மூர்கள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து இந்த ஊரைப் பிடித்துப் போர்ச்சுகல் அரசரிடம் கொடுத்த ஜெரால்து என்பவனின் பெயர் அது. ஊரின் சின்னத்தில் குதிரை மேல் அவனும், வெட்டுண்ட இரண்டு தலைகளும் இருக்கும். சதுக்கத்தில் 1571-இல் கட்டிய பளிங்கு நீரூற்றில் எட்டு வாய்கள். சதுக்கத்தில் வந்து சேரும் எட்டுத் தெருக்களுக்கு ஒன்றாக அந்த எட்டும் என்பார்கள். இன்றைக்கு அங்கே மேசை போட்டுக் காபி குடிக்கிறார்கள். 1483-இல் இதே இடத்தில் மேடை கட்டி, நாட்டின் மிகப் பெரிய நிலப்பிரபுவான பிரகான்சா டியூக்கின் தலையை அரசர் இரண்டாம் ஜுவாவ் வெட்டச் செய்தார். இந்தப் பிரகான்சா குடும்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லப் போகிறேன்.

சதுக்கத்திலிருந்து மேடேறும் தெருவில் இருபுறமும் தக்கைப் பொருள் விற்கும் கடைகள். பை, தொப்பி, குடை எல்லாம் தக்கையில் இருக்கும். ஏற்றம் லேசானதுதான், ஆனால் தரை முழுக்க உருட்டுக் கல். அம்மாவுக்கு அடி பிடிக்கும் ஷூ அவசியம், செருப்பு வேண்டாம்.

தெரு முடியும் இடத்தில் பேராலயம். 1186-இல் தொடங்கிய கருங்கல் கட்டடம், போர்ச்சுகலின் இடைக்காலப் பேராலயங்களில் மிகப் பெரியது. இரண்டு கோபுரமும் ஒன்றுபோல இருக்காது, அதைக் கவனியுங்கள். உள்ளே போனதும் இடப்பக்கம் கர்ப்பிணியாக நிற்கும் மாதாவின் சிலை உண்டு. வயிற்றின் மேல் கை வைத்தபடி இருக்கும் இப்படியொரு மாதாவை நான் இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். பிள்ளைப்பேறு வேண்டி வருபவர்கள் இன்னும் அங்கே நின்று கும்பிடுகிறார்கள். மேலே 16-ஆம் நூற்றாண்டின் ஆர்கன் ஒன்று இருக்கிறது. 1584-இல் ஜப்பானிலிருந்து ரோமுக்குத் தூதாகப் போன சின்னப் பையன்கள் வழியில் எவோராவில் தங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்தப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தார்கள். ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மொட்டைமாடிக்குச் சுழல்படி இருக்கிறது, மேலிருந்து சமவெளி முழுக்கத் தெரியும். நீங்கள் ஏறுங்கள். அம்மாவை ஏற்ற வேண்டாம், படி குறுகல், உயரம் வேறு.

பேராலயத்தின் பின்னால் நடந்தால் ரோமானியக் கோயில். கி.பி. முதல் நூற்றாண்டு. 14 தூண்கள் நிற்கின்றன. எல்லோரும் இதை டயானா கோயில் என்பார்கள். அது 17-ஆம் நூற்றாண்டில் கட்டிவிட்ட கதை. பேரரசரை வணங்குவதற்காக எழுப்பியது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அந்தத் தூணைக் கவனமாகப் பாருங்கள். உடல் முழுக்கச் சொரசொரப்பான சாம்பல் கருங்கல். அடிப்பீடமும், இலை இலையாகச் செதுக்கிய தலைப்பகுதியும் மட்டும் வெள்ளைப் பளிங்கு. கருங்கல்லில் அவ்வளவு நுணுக்கமாக இலை செதுக்க முடியாது. அதனால் 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எஸ்த்ரெமோஸிலிருந்து பளிங்கு கொண்டுவந்து தலையிலும் காலிலும் மட்டும் வைத்தார்கள். சிக்கனமும் வேலைப்பாடும் ஒரே தூணில்.

இது எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம். இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கல்வைத்து அடைத்து, மேலே கூரையும் கொத்தளமும் கட்டி, ஊர்க் கசாப்புக் கூடமாக்கிவிட்டார்கள். 1836 வரைக்கும் அங்கே ஆடு மாடு அறுத்தார்கள். 1871-இல்தான் இத்தாலியரான சினாத்தி என்பவரின் மேற்பார்வையில் சுவர்களை உடைத்துத் தூண்களை வெளியே எடுத்தார்கள். கசாப்புக்காரர்கள் சுவர் எழுப்பாமல் விட்டிருந்தால் இந்தத் தூண்களை யாராவது வீடு கட்ட எடுத்துப் போயிருப்பார்கள். எதிரே ஒரு சின்னப் பூங்காவும் காபிக் கடையும் உண்டு. அப்பா, அம்மாவை உட்கார வைக்க நல்ல இடம்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயம். கைடு ஒரு பழைய வீட்டின் ஜன்னலைக் காட்டி ‘ஜனேலா’ என்பார். அம்மா உடனே திரும்பிப் பார்ப்பார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி, ஏலம், மேஸ்திரி எல்லாம் நமக்கு இவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்கள்தான். என் அத்தை அன்று முழுக்க ஒவ்வொரு பொருளாகக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கைடைக் கேட்டுக்கொண்டே வந்தார். மொழி தெரியாத இரண்டு பேர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்ட நாள் அது.

சாப்பாட்டுக்கு வருவோம். எவோரா இருக்கும் அலென்தேஜு மாகாணம் காலங்காலமாக ஏழைகள் கூலிக்கு அறுத்த கோதுமை நாடு. நேற்றைய ரொட்டியை வீணாக்காமல் சாப்பிடுவது எப்படி என்பதிலிருந்துதான் இவர்கள் சமையலே பிறந்தது. அசோர்தா என்று கேளுங்கள். பூண்டு, உப்பு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, இதை உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கொதிக்கும் தண்ணீர் விட்டு, அதில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஓடு உடைத்து வெந்நீரில் வேகவைத்த முட்டையை வைத்துத் தருவார்கள். வட போர்ச்சுகல் சமையலில் அவ்வளவாக இல்லாத கொத்தமல்லி வாசனை இங்கே ஒவ்வொரு தட்டிலும் இருக்கும். இரண்டு வாரமாக ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கும் நம்மூர்க்காரருக்கு அந்த வாசனை போதும், பசி எடுத்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: சில இடங்களில் கருவாட்டு மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். ‘செம் கார்னே, செம் பெய்ஷே’, அதாவது கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று ஆர்டர் செய்யும்போதே சொல்லுங்கள். கைடு இருந்தால் அவரே சமையலறையில் சொல்லிவிடுவார், இது பெரிய நிம்மதி.

எவோரா பாலாடைக்கட்டி சின்ன வட்டமாக, கெட்டியாக, உப்புத் தூக்கலாக இருக்கும். செம்மறி ஆட்டுப் பால். அதைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பதில்லை, ஒருவகை முட்செடியின் பூவை ஊறவைத்த தண்ணீரைத்தான் சேர்க்கிறார்கள். சைவக்காரர்கள் தயங்காமல் சாப்பிடலாம். கன்னிமாடங்களில் பிறந்த இனிப்புகள் நிறைய இருக்கும், முட்டை மஞ்சள் கருவும் பாதாமும் சர்க்கரையும் சேர்ந்தவை. சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் சேரும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம், உட்கார்ந்த உடனே கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் எலும்புச் சிற்றாலயம். சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தை ஒட்டியது. 16-ஆம் நூற்றாண்டு முடிவில், ஊரைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லறைத் தோட்டங்கள் நிறைந்து இடம் அடைத்துக் கிடந்தன என்பார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் அந்த எலும்புகளை எடுத்து, வேறெங்கும் புதைக்காமல், சுவரிலும் தூணிலும் சாந்து வைத்துப் பதித்துவிட்டார்கள். ஏறக்குறைய 5,000 பேர் என்று கணக்கு. வாசலுக்கு மேலே ஒரு வரி எழுதியிருக்கிறது: ‘இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்.’

பெற்றோரை அங்கே கூட்டிப்போவதா என்று நீங்கள் யோசிக்கலாம். என் அனுபவத்தில் பெரியவர்கள் அங்கே அமைதியாகிவிடுகிறார்கள், சின்னவர்கள்தான் நெளிகிறார்கள். பயமுறுத்தக் கட்டியதில்லை அது. துறவிகள் தினமும் உட்கார்ந்து ஜெபிக்கக் கட்டியது. தூணுக்கு அருகில் போய்ப் பாருங்கள். கை, கால் எலும்புகளின் முட்டிப்பக்கம் வெளியே தெரியும்படி செங்கல் மாதிரி நெருக்கமாக அடுக்கி, வளைவுகளின் ஓரத்தில் மண்டையோடுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கொத்தனாருக்கு உரிய பொறுமை அதில் தெரியும். பணக்காரன் எலும்பு எது, பிச்சைக்காரன் எலும்பு எது என்று பிரிக்க வழியில்லை. என் சித்தி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வந்தார். அன்று நாங்கள் போனது நான் முன்னே சொன்ன பெரிய பேருந்துச் சுற்றுலாவில். நாற்பது பேரை உள்ளே அனுப்பிப் பத்து நிமிடத்தில் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். சித்திக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்ததே பெரிது. அதற்குப் பிறகு நான் பெரிய குழுவோடு போகவே இல்லை.

நேரம் இருந்தால் ருவா தோ கானு, அதாவது குழாய்த் தெருவுக்கு ஒரு நடை. ஊருக்கு வெளியே 18 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர 1530-களில் கட்டிய பாலம் அங்கே முடிகிறது. கட்டியவர் பிரான்சிஸ்கோ தே அர்ருதா, லிஸ்பனில் நீங்கள் பார்க்கப்போகும் பெலேம் கோபுரமும் அவருடைய வேலைதான். இந்தத் தண்ணீர்ப் பாலத்தின் பெயர் ‘வெள்ளித் தண்ணீர்’. மேட்டுத் தெருவில் ஏற ஏற வளைவுகளின் உயரம் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு வீடு. கதவு, ஜன்னல், கதவெண், வாசலில் பூந்தொட்டி, தலைக்கு மேல் 500 வருடத்துக் கருங்கல் வளைவு. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும். யாரோ குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் நடந்து போங்கள்.

பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல ஆசை. 1559-இல் இயேசு சபையினருக்காகத் தொடங்கியது, 1759-இல் அவர்களை நாடு கடத்தியபோது மூடியது, 1973-இல் மறுபடி திறந்தது. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் அங்கே நடத்திய பாடத்துக்கு ஏற்ற ஓவிய ஓடுகள், நீலமும் வெள்ளையுமாக. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் அம்மாவுக்கு முடியாது.

இனி முக்கியமான தேர்வு. பல சுற்றுலாக்காரர்கள் எவோரா, கல்வட்டம், மோன்சராஸ், எஸ்த்ரெமோஸ், அர்ராயோலோஸ் கம்பளம், திராட்சைத் தோட்டம் எல்லாம் ஒரே நாளில் என்று விளம்பரம் போடுவார்கள். அதை எடுக்காதீர்கள், பாதி நாள் வண்டியில் போய்விடும். எவோராவோடு ஏதாவது ஒன்றுதான். என்னைக் கேட்டால் கல்வட்டத்தைக் காலையில் பார்த்துவிட்டு ஊரோடு நிறுத்திக்கொள்வது பெரியவர்களுக்கு நல்லது. கல்லில் ஆர்வம் இல்லாத குடும்பம் என்றால், அல்லது வேனில் உங்கள் குடும்பம் மட்டும் போவதாக இருந்தால், கல்வட்டத்துக்குப் பதில் விலா விசோசாவைச் சேருங்கள். தமிழ் படிக்கிறவர்கள் அந்த ஊரைப் பார்க்க ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

எவோராவிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் பளிங்குச் சுரங்கங்கள், சாலையோரத்தில் வீடு உயரத்துக்கு வெள்ளைக் கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எவோராச் சதுக்கத்தில் தலை வெட்டுப்பட்டாரே, அந்தப் பிரகான்சா குடும்பத்தின் அரண்மனை இங்கே இருக்கிறது. 110 மீட்டர் நீளப் பளிங்கு முகப்பு. வெட்டுண்டவரின் வழிவந்தவர்களே 1640-இல் நாட்டின் அரசர்களானார்கள். இங்கே பிறந்த கேத்தரினை இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் கல்யாணம் செய்துகொண்டபோதுதான் பம்பாய் சீதனமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1908 பிப்ரவரி 1-ஆம் தேதி அரசர் கார்லோஸ் இந்த அரண்மனையிலிருந்து கிளம்பி லிஸ்பனில் இறங்கிய அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சமையலறையில் நூற்றுக்கணக்கான செப்புப் பாத்திரங்கள், அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஆனால் நான் அந்த ஊருக்குப் போவது அரண்மனைக்காக அல்ல. 1520 வாக்கில் அங்கே ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற ஒருவர் பிறந்தார். நம்மவர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். யூத வழிவந்த குடும்பம். கத்தோலிக்க மதத்துக்கு மாறானவர்கள் என்று சந்தேகித்தவர்களை விசாரித்துத் தண்டித்த புனித விசாரணை மன்றம் 1536-இல் எவோராவில் தொடங்கிய காலம் அது, அந்த வழிவந்தவர்களுக்கு ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ்கன் சபை அவரை இந்த வம்சாவளிக்காகவே வெளியேற்றியது. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1546-இல் கப்பலேறி இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில், பரதவர்கள் நடுவில், தமிழ் படித்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச வேண்டும் என்று உட்கார்ந்து இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 16 பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான், அந்த எழுத்து தமிழ். அவர் ஊர் திரும்பவே இல்லை, 1600-இல் அந்தக் கடற்கரையிலேயே இறந்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

நான் விலா விசோசாவில் போய் நின்றபோது இதெல்லாம் கைடுக்குத் தெரியாது, நான்தான் அவருக்குச் சொன்னேன். ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் அந்த ஊர்த் தெருவில் விளையாடிய பையன் ஒருவன்தான் நாம் இன்று வாசிக்கும் எழுத்தை ஈயத்தில் முதலில் வார்க்க வைத்தவன் என்று சொன்னதும் அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். உங்கள் கைடிடமும் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கு அவர் சொல்வார்.

மிச்சம் இருக்கும் சின்ன விஷயங்கள். ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் 40 டிகிரி சர்வசாதாரணம், பெற்றோரோடு வேண்டாம். ஏப்ரல், மே என்றால் வயலெல்லாம் பூ, அக்டோபரும் சுகம். திங்கட்கிழமை அருங்காட்சியகங்களும் அரண்மனைகளும் மூடுவது இந்த நாட்டில் வழக்கம், வேறு நாளாகப் பாருங்கள். கைடிடம் பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், எலும்புச் சிற்றாலயத்துக்கு எவ்வளவு நேரம், நுழைவுச் சீட்டுகள் கட்டணத்தில் சேர்ந்தவையா. கோட்டை மதிலுக்குள் வண்டி எல்லா இடத்துக்கும் போகாது. ஆனால் சின்ன வேன் பேராலயத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட முடியும், மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே எலும்புச் சிற்றாலயத்தில் முடிக்கலாம். அம்மா ஏற வேண்டியதே இல்லை, இறக்கம் மட்டும்தான். விலா விசோசாவையும் சேர்த்தால் அங்கிருந்து லிஸ்பனுக்கு இரண்டு மணி நேரம். பெரியவர்கள் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள், கழுத்துக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள்.